கையிற் பிடித்த பாய்மரம்

சோழகம் வீசும் மாதங்களிலே கற்பிட்டிக் களப்பின் கரையில் நின்று பார்ப்போர்க்குப் புதுமையான ஒரு காட்சி தென்படும். ஒரு பலகையின்மேல் ஒருவர் நிமிர்ந்து நிற்பார்; அவர் கையிலே ஒரு பாய் இருக்கும். சுக்கான் இல்லை, பாய்மரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் இல்லை, அமர்வதற்கு இருக்கையும் இல்லை. ஆயினும் அப்பலகை நீரைக் கிழித்துக்கொண்டு விரையும். அவர் பாயைச் சிறிது முன்னே சாய்த்தால் ஒரு புறம் திரும்பும். பின்னே சாய்த்தால் மறுபுறம் திரும்பும். ஆங்கிலத்தார் இதனை ‘விண்ட்சேர்விங்’ என்பர். நாம் பாய்ப்பலகை என்று வழங்குவோம்.

கரையில் நின்று பார்ப்பவர், “இது தோள்வலியால் ஆகும் காரியம்” என்று எண்ணுவர். அது முற்றும் உண்மையன்று. கடலிலே ஒருவர் படும் பாடு, அவர் கரையிலே பாயைப் பூட்டிய முறையினாலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. நன்கு பூட்டிய பாயைப் பதினைந்து வயதுச் சிறுமியும் ஆள்வாள். பிழைபடப் பூட்டிய பாயோ திடகாத்திரமான ஆடவனையும் விரைவிற் களைப்படையச் செய்துவிடும். களைத்தவன் பாயை உயர்த்த மாட்டாதவனாய், காற்றின் போக்கிலே கரையை விட்டு அகன்று செல்வான். ஆகவே பாய் பூட்டுதல் வெறும் ஆயத்தமன்று, அது உயிர்க்காவலுமாகும்.

சிறுவன் ஒருவனும் ஒரு வழக்கும்

பாய்ப்பலகையின் வரலாறு சுவையானது. 1967 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், விமானப் பொறியியலாளரான ஜிம் டிறேக் என்பவரும் அவருடைய நண்பர் ஹொயில் ஷ்வைற்சர் என்பவரும் இத்தகைய பலகையொன்றைச் செய்து நீரில் விட்டனர். 1968 இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்து 1970 இல் அதனைப் பெற்றனர். ஆனால் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி என்பவர், தாம் செய்த பாய்ப்பலகையைப் பற்றி 1965 இலேயே ‘பொப்பியுலர் சயன்ஸ்’ என்னும் சஞ்சிகையில் எழுதியிருந்தார்.

இவற்றினும் வியப்பானது பீற்றர் சில்வர்ஸ் என்னும் ஆங்கிலச் சிறுவனின் கதை. 1958 ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், இங்கிலாந்தின் ஹேலிங் தீவுக் கரையிலே அவன் தன் கையாற் செய்த பாய்ப்பலகையொன்றில் விளையாடினான். பாயின் இருபுறமும் அவன் பொருத்தியிருந்தவை நேரான கழிகளே. பாயிற் காற்று நிறைந்தபோது அவை தாமாகவே வில்போல் வளைந்தன. பிற்காலத்தில் ஆக்கவுரிமை பற்றிய வழக்கு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பளித்த நீதிபதிகள், அச்சிறுவன் கடற்கரையிலே யாவரும் காணச் செய்ததனையும், டார்பி எழுதியிருந்ததனையும் கருத்திற்கொண்டு, அந்த ஆக்கவுரிமை இங்கிலாந்திற் செல்லாது எனத் தீர்த்தனர். ஒரு பாலகனின் விளையாட்டு ஒரு பெரும் வழக்கின் போக்கையே மாற்றியது.

1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே இவ்விளையாட்டு இடம்பெற்றது. 1992 முதற் பெண்களுக்கெனத் தனிப் போட்டியும் நடைபெற்றது. 1996 இல் நடந்த விழாவில், சியுங் சாவ் என்னும் சிறு தீவிலே வளர்ந்த லீ லாய் ஷான் என்னும் பெண்மணி இப்போட்டியில் வென்று, ஹொங்கொங்குக்கு முதலாவது ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தைத் தேடிக் கொடுத்தார்.

காற்றின் கணக்கு

மற்றைய பாய்க்கப்பல்களிலே பாய்மரம் கப்பலோடு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கும். காற்றின் தாக்குதலைக் கப்பலின் உடலும் கயிறுகளும் தாங்கிக்கொள்ளும். பாய்ப்பலகையிலோ, பாய்மரத்தின் அடி எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டொன்றினாற் பலகையோடு இணைக்கப்பட்டுள்ளது. கைவிட்டால் பாய் நீரிலே விழும். அதனை நிறுத்தி வைப்பது மனிதனின் உடல் ஒன்றே. இதுவே இவ்விளையாட்டின் இன்பம். இதுவே இதன் இடரும்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. பாயின்மேற் காற்றுச் செலுத்தும் விசை, காற்றின் வேகத்துக்கு நேரே உயர்வதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கின்றது. மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் வீசிய காற்று 15 ஆக உயர்ந்தால், வேகம் காற்பங்குதான் கூடியது. ஆனால் விசை ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். 24 ஆக உயர்ந்தால் விசை நான்கு மடங்காகும். திடீரென ஒரு வீச்சுக் காற்று வரும்போது, அத்தனையும் ஒருவருடைய இரு கைகளில் வந்து விழுந்தால் அவர் என்ன செய்வார்?

ஆகவே மேலதிகக் காற்றைப் பாயே தானாக வழியவிடுதல் வேண்டும். அதற்கு வழி, பாயின் மேற்பகுதியிலே பின்விளிம்பைத் தளரவிடுவதாகும். நீர்மட்டத்தை விட உயரத்திலே காற்று வலிதாக வீசும்; மேலும் உயரத்திலே விழும் விசை, நெம்புகோல்போல, மனிதனைக் கவிழ்க்கும் ஆற்றலும் மிக்கது. பின்விளிம்பு அங்கே தளர்ந்திருந்தால், வீச்சு வரும்போது பாயின் உச்சி முறுகித் திறந்து, மிகுதியை வெளியே விட்டுவிடும். வீச்சுத் தணிந்ததும் மீண்டும் தன் நிலைக்கு வரும்.

புதிதாகப் பழகுவோர் இடறுவது இவ்விடத்திலேதான். பறையின் தோல்போல விறைப்பாக, ஒரு சுருக்கமும் இன்றி இருப்பதே நல்ல பாய் என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையிலே சரியாகப் பூட்டிய பாய், கரையிற் கிடக்கும்போது உச்சிப்புறத்திற் சற்றே தொய்ந்து, பழுதான பாய்போலத் தோன்றும். அழகாகத் தோன்றும் விறைத்த பாயே கடலில் ஆளைத் தூக்கி எறியும்.

கரையிற் செய்ய வேண்டியவை

முதலில் மணல் படாத சமநிலத்தைத் தேடுக. புற்றரை சாலச் சிறந்தது. பாய்மரம் பெரும்பாலும் இரு துண்டுகளாக இருக்கும். இணைக்கும் வாயில் மணல் புகுந்தால் பின்னர்க் கழற்றுவது பெரும்பாடாகும். ஆகவே இரு முனைகளையும் துடைத்து, இடைவெளியின்றிப் பொருத்துக. பின்பு பாயின் முன்விளிம்பிலுள்ள உறையினுள், உச்சி சென்று தங்கும்வரை மரத்தைச் செலுத்துக.

பாயின் அடியிலே, முன்விளிம்பின் நீளமும் கைப்பிடிக் கழியின் நீளமும் சென்ரிமீற்றரில் அச்சிடப்பட்டிருக்கும். பாயின் முன்விளிம்பு 448 என்றும், மரத்தின் நீளம் 430 என்றும் கொள்வோம். மரத்தின் அடியிற் செருகும் நீட்டுத்துண்டை 18 சென்ரிமீற்றருக்கு அமைத்தல் வேண்டும். இது எளிய கழித்தற் கணக்கே. எனினும் இதிற் பிழைத்தவர்கள் பின்னர் எவ்வளவு இழுத்தும் பாய் சரிவராமல் அல்லற்படுவர்.

அடுத்துக் கைப்பிடிக் கழி. பாயின் இருபுறமும் வளைந்து சென்று பின்னே கூடும் இதனைப் ‘பூம்’ என்பர். பலகையில் நிற்கும்போது தோளுக்கும் நாடிக்கும் இடையே இது வருமாறு மரத்தோடு பூட்டுக. பாயின் பின்மூலைக் கயிற்றை இப்போதைக்கு இலேசாகக் கட்டினாற் போதும்.

இனித் தலையாய வேலைக்கு வருவோம். பாயின் அடியைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு, சிறு கப்பிகளிற் பலமுறை சுற்றி வரும். நிலத்தில் அமர்ந்து, மர அடியிலே பாதத்தை ஊன்றி, கயிற்றைக் கைப்பிடிக் கட்டையொன்றிற் சுற்றி இழுக்க வேண்டும். மெல்லிய கயிற்றை வெறுங்கையிற் சுற்றினால் அது தசையை அறுத்துவிடும். இழுக்க இழுக்க மரம் வில்போல் வளையும். மரம் வளையும்போது பாயின் உச்சியிற் பின்விளிம்பு தளரத் தொடங்கும். தளர்ச்சி எதுவரை வர வேண்டும் என்று காட்டும் குறி பல பாய்களில் உண்டு. அக்குறிவரை இழுத்துக் கட்டுக.

குறைவாக இழுத்தால், பாயினுள் இருக்கும் குறுக்குச் சலாகைகளின் முன்முனைகள் மரத்தை நெருக்கித் துருத்தி நிற்கும், திரும்பும்போது பாய் புறம் மாற மறுக்கும், உச்சியும் திறவாது. மிகையாக இழுத்தாலோ, பாய் தட்டையாகி வலுவிழந்துவிடும். சலாகைகளுக்குக் குறுக்கே சுருக்கங்கள் காணப்பட்டால், அவை மறையுமளவுக்கு மட்டும் சலாகைகளை இறுக்குக.

கடைசியாகப் பின்மூலைக் கயிற்றை இழுத்துக் கட்டுக. பாயின் வயிறு எவ்வளவு புடைக்க வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். மென்காற்றுக்கு வயிறு சற்றே ஆழமாகவும், வன்காற்றுக்குத் தட்டையாகவும் இருத்தல் நன்று. இங்கே ஓரிரு சென்ரிமீற்றரே பெரிய மாற்றத்தைச் செய்யும். காற்று மெலிந்தபோது கீழிழுக்கும் கயிற்றைத் தளர்த்துவோர் பலர். முதலில் மாற்ற வேண்டியது பின்மூலைக் கயிறே என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

கையே சொல்லும் செய்தி

பூட்டியாயிற்று. இனிப் பாயோடு நீரில் இறங்கினால், அதன் குறைநிறைகளைக் கைகளே எடுத்துரைக்கும். இரு கைகளிலும் பாரம் ஏறக்குறையச் சமமாக இருந்தால் பாய் செவ்விதாக உள்ளது. வீச்சு வரும்போதெல்லாம் பின்கையை யாரோ பிடித்து இழுப்பது போன்றிருந்தால், விசையின் மையம் பின்னோக்கி நகர்கின்றது என்பது பொருள். கரைக்கு வந்து கீழிழுக்கும் கயிற்றை இன்னும் சிறிது இழுக்க வேண்டும். பாயின் வயிறு கைப்பிடிக் கழியில் வந்து அழுந்துமாயின் பின்மூலைக் கயிற்றையும் இழுக்க வேண்டும். வீச்சிலே முன்னேறாது பாய் உயிரற்றுக் கிடந்தால், மிகையாக இறுக்கிவிட்டோம் என்று அறிந்து சிறிது தளர்த்தலாம். கடலில் இருந்தபடியே பொறுத்துக்கொள்வோம் என்று எண்ணுவது தவறு. ஐந்து நிமிட வேலையைச் சோம்பியவர், எஞ்சிய பொழுது முழுவதும் அதற்கு ஈடு கட்டுவார்.

முதுகைக் காட்டும் காற்று

பெற்றோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று நட்பினர்போல் வரும் பகைவன். மரங்களும் வீடுகளும் மறைப்பதாற் கரையோரத்திற் காற்று மெலிந்திருக்கும். நீரும் கண்ணாடிபோல் விளங்கும். தூரம் செல்லச் செல்லக் காற்று வலுக்கும். திரும்புவதோ காற்றை எதிர்த்து ஏறுவதாகும். பழகுவோர் அத்தகைய வேளையில் இறங்கலாகாது. எந்நாளும் மிதவைச் சட்டை அணிதல் வேண்டும். கரையில் ஒருவர் தம்மைப் பார்த்திருக்குமாறு சொல்லிவிட்டே செல்லுதல் வேண்டும்.

புறப்படுமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்றிருந்தால், அது மரத்தின் அடிமூட்டாகும். அது பலகையிற் பூட்டிக்கொண்டதா, கயிற்றிலே தேய்வு உண்டா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கடலிலே அது கழன்றால் பாய் ஒரு புறமும் பலகை ஒரு புறமும் பிரிந்துபோகும். அப்போது பற்ற வேண்டியது பலகையையே. கரை அண்மையில் இருப்பதுபோலத் தோன்றினாலும் பலகையைக் கைவிட்டு நீந்தலாகாது. பலகை மிதக்கும், மனிதன் களைப்பான். முடிந்தாற் பாயைச் சுருட்டிப் பலகைமேல் வைத்து, குப்புறப் படுத்துக் கைகளாற் துழாவி வரலாம். இயலாதாயின், இரு கைகளையும் பக்கங்களில் நீட்டி மெதுவாக உயர்த்தியும் தாழ்த்தியும் காட்ட வேண்டும். இது கடலோடிகள் அனைவரும் அறிந்த அபாயக் குறியாகும்.

2024 இல் பிரான்சின் மார்செய் நகர்க் கரையில் நடந்த ஒலிம்பிக் போட்டியிலே பலகைகள் நீரைத் தொடாமலே, அடியிற் பூட்டிய சிறகொன்றின் மேல் உயர்ந்து பறந்தன. கருவிகள் அவ்வளவு மாறிவிட்டன. எனினும் அப்போட்டியாளர்களும் நீரில் இறங்குமுன், தம் பாய்களை நிலத்திற் கிடத்தி அதே கயிறுகளை இழுத்தவர்களே.

இனி ஒருமுறை கடற்கரையிலே பாய்ப்பலகைக்காரர் ஒருவரைக் கண்டால், அவருடைய தோளைப் பார்க்க வேண்டா. பாயின் உச்சியைப் பாருங்கள். வீச்சு வரும்போது அதன் பின்விளிம்பு மெல்லத் திறந்து மூடுமாயின், அவர் பத்திரமாகக் கரை சேர்வார் என்று நம்பலாம்.