கிரானுலோமாவின் நடுவே என்ன இருக்கிறது?

தோல் சொல்லும் சேதி – 11

சென்ற வாரம் தொழுநோய்க் கிருமியைத் திசுவில் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்தோம். இந்த வாரம், அந்த நோயோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ள இன்னொன்று.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர் காலில் முள் தைத்து, நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டதாக வையுங்கள். சில மாதங்களில் அங்கே கட்டி திரளலாம். நகரத்தில் ஒருவர் கன்னம் உப்பலாகத் தெரிய ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்கிறார். சில ஆண்டுகள் கழித்து அவருக்கும் கட்டி வரலாம். உடம்புக்கு இரண்டுமே அந்நியப் பொருள். அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். விழுங்க முடியாத அளவு பெரிதென்றால், பல செல்கள் ஒன்றிணைந்து ராட்சத செல்லாகும். இந்தத் திரள்தான் கிரானுலோமா.

காசநோயும் தொழுநோயும்கூட கிரானுலோமாவை உண்டாக்கும். நம் நாட்டில் அதைக் கண்டதும் நோயியல் மருத்துவருக்கு முதலில் எழும் சந்தேகம் இவைதான். கிருமிக்கான சிறப்புச் சாயம் போட்டுப் பார்ப்பார். கூடவே திரளின் நடுவில் என்ன இருக்கிறது என்றும் தேட வேண்டும். ஒவ்வொரு ஃபில்லருக்கும் தனி அடையாளம் உண்டு.

இன்று பரவலாகப் போடப்படும் ஹயலூரானிக் அமிலம், செல்களே இல்லாத வெளிர் நீலக் குழம்பாகத் தேங்கி நிற்கும். ஆல்சியன் நீலச் சாயம் அதை நன்றாகப் பிடிக்கும். திரவ சிலிகோன் போட்ட தோல் சல்லடை போலிருக்கும். சிறிதும் பெரிதுமாக வட்ட ஓட்டைகள். ஸ்லைடு தயாரிக்கும்போதே சிலிகோன் பெரும்பாலும் வெளியேறிவிடுவதால், அது இருந்த இடம்தான் மிஞ்சுகிறது. 1899-இல் வியன்னா மருத்துவர் ராபர்ட் கெர்சுனி தொடங்கிவைத்த பாரஃபின் ஊசியும் இதே மாதிரி ஓட்டைகளைத்தான் விட்டுச்சென்றது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக் மணிகள் இருந்த இடங்களோ, ஏறத்தாழ 40 மைக்ரானில் ஒரே அளவு வட்டங்கள். கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் நீலச் சாம்பல் உருண்டைகளாகத் தெரியும்.

பாலி லாக்டிக் அமிலத்தைச் சாதாரண ஒளியில் தவறவிட்டுவிடலாம். ஸ்லைடுக்குக் கீழே ஒரு போலரைசர், மேலே ஒன்று வைத்துத் திருப்பினால் பின்புலம் இருண்டு, கூர்முனைத் துணுக்குகள் பளிச்சென்று ஒளிரும். முள்ளின் செல்லுலோஸும் இப்படி ஒளிரும். ஆனால் அதில் தாவரச் செல்களின் சுவர்கள் கட்டம் கட்டமாக இருக்கும், இதில் இராது.

ஃபில்லரைக் கண்டுவிட்டால் தேடலை நிறுத்தலாமா? கூடாது. ஊசி வழியே கிருமியும் நுழைந்திருக்கலாம். அதே சமயம், ஃபில்லரைக் காணாமல் தொழுநோய் என்று முடிவு கட்டினால், வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓர் ஆண்டோ தேவையற்ற மாத்திரை, மனவேதனை தனி.

கல்வராயன் மலைப் பக்கத்தவர்களுக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. எங்கே பயாப்ஸி எடுத்தாலும் சரி, முள் தைத்ததையும் ஊசி போட்டதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். மருத்துவர்களே, பயாப்ஸி படிவத்தில் அந்த ஒரு வரியைத் தவறாமல் எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)