கேரவன் கணக்கு: எந்தத் தொட்டி முதலில் நிரம்பும்?

நம்ம ஊரில் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆம்பூரிலிருந்து கிளம்பி எங்கே போய் நின்றாலும் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "என்ன சார், ஷூட்டிங்கா?" இல்லை. எங்களுடையது ஒரு சாதாரண வேன். நானும் மனைவியும் அதில் படுக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி, "அப்ப எங்க வேணும்னாலும் போகலாம், எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம், இல்ல?" இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எத்தனை நாள் இருக்கலாம் என்பதை வண்டியில் உள்ள மூன்று கொள்ளளவுகள் தீர்மானிக்கின்றன: நல்ல தண்ணீர், மின்சாரம், கழிவு. மூன்றில் எது முதலில் கைவிடுகிறதோ அதுதான் பயணத்தின் நீளம். பெரும்பாலும் அது நாம் நினைப்பதாக இருக்காது.

பெயர், பிறகு பேப்பர்

'கார்வான்' என்பது பாரசீகச் சொல். பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகப் போகும் வணிகர்களைக் குறித்தது. அவர்கள் இரவு தங்கிய இடம் 'கார்வான் சராய்'. ஐரோப்பாவுக்குப் போனபோது பொருள் மாறி, வீடு போன்ற வண்டிக்கே அந்தப் பெயர் வந்தது. பொழுதுபோக்குக்காக அப்படி ஒரு வண்டியைச் செய்யச் சொல்லி ஊர் சுற்றியவர்களில் முன்னோடி, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். 1885-இல் 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க, அவருடைய வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவாராம். குறுகலான மலைப்பாதையில் பெரிய வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த ஆளின் அருமை தெரியும்.

இந்தியாவில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை, போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் மத்திய அரசின் 2004 அறிவிக்கையே சேர்த்துவிட்டது. இவ்வகை வண்டிகளுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. ஆனால் ஒரு பழைய வேனை வாங்கி, தச்சரை வைத்துக் கட்டிலும் அடுப்பும் போட்டுவிட்டால் அது சட்டப்படி கேம்பர் வேன் ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஆகவே வண்டி கட்டும் முன்பே பேப்பர் வேலையை முடிப்பது நல்லது. சாலைச் சோதனையில் ஆர்.சி.யை நீட்டி, அவர் அதைப் படித்து, வண்டியை எட்டிப் பார்த்து, "உள்ளே ஃபிரிட்ஜ் கூட இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டு அனுப்பி வைப்பது ஒரு சின்ன வெற்றி.

முதல் தொட்டி: தண்ணீர்

எங்கள் வண்டியில் 80 லிட்டர் தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் தனியாக 20 லிட்டர் கேன். வீட்டுப் பழக்கப்படி இருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஆளுக்கு ஒரு 15 லிட்டர் வாளியில் குளியல், 30 லிட்டர். பாத்திரம் கழுவ 12. கை, முகம், பல் 8. மொத்தம் ஒரு நாளைக்கு 50 லிட்டர். இரண்டாம் நாள் மதியம் குழாயில் காற்று வரும்.

இதற்குத் தீர்வு தோட்டத்துச் செடிகளுக்குத் தெளிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர். (புதிதாக வாங்குங்கள், பூச்சிமருந்து அடித்ததைத் தொடாதீர்கள்.) உடலை நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி தெளித்தால் ஐந்து லிட்டரில் குளியல் முடிந்துவிடும். மதியம் வெயிலில் வைத்தால் சாயங்காலம் வெந்நீர் இலவசம். பாத்திரத்துக்கு நம் பாட்டி காலத்து வழி: வாழை இலை, தையல் இலை. ஆம்பூர்க்காரனாக ஒரு குறிப்பும் சொல்ல வேண்டும். தண்ணீருக்கு முதல் எதிரி பிரியாணி செய்த பாத்திரம்தான். அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கவே ஆறு லிட்டர் போய்விடும். பிரியாணி பார்சலாகத்தான் வண்டி ஏற வேண்டும்.

இப்போது கணக்கு: குளியல் 10, பாத்திரம் 6, மற்றவை 6. ஆக 22 லிட்டர். அதே தொட்டி மூன்றரை நாள் வருகிறது.

எங்கள் பக்கத்துக் கூடுதல் தலைவலி உப்பு. குடிநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. பாலாற்றங்கரை போர் தண்ணீரை அப்படியே நிரப்பினால் ஷவர் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், பம்பு வடிகட்டி திணறும். மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சரியாகும்.

இரண்டாவது தொட்டி: மின்சாரம்

பேட்டரியும் ஒரு தொட்டிதான். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் 2,560 வாட் மணி இருக்கிறது. எண்பது சதவீதம் எடுக்கலாம் என்றால் சுமார் 2,050. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 600, இரண்டு ஃபேன்கள் 600, விளக்கு, பம்பு, போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்து 300. மொத்தம் 1,500. கூரையில் 300 வாட் சோலார் இருந்தால், நல்ல வெயிலில் இழப்புகள் போக 1,100 சொச்சம் திரும்ப வரும். தினமும் 400-க்குள்தான் பற்றாக்குறை. ஐந்து நாள் ஓட்டலாம்.

ஏ.சி.யை இதில் சேர்த்துப் பாருங்கள். ஒரு டன் ஏ.சி. சுமார் 1,000 வாட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் கம்ப்ரஸர் பாதி நேரமே ஓடினாலும் 4,000 வாட் மணி. ஒரே இரவில் இரண்டு பேட்டரி காலி.

இன்னொரு முரண்பாடும் உண்டு. சோலாருக்கு வெயில் வேண்டும், உள்ளே இருக்கும் மனிதருக்கு நிழல் வேண்டும். கூரை ஒன்றுதான். அதனால்தான் மடக்கும் பேனல் ஒன்றை நீளமான ஒயரோடு வைத்திருக்கிறேன். வண்டி புளியமரத்தடியில், பேனல் வெயிலில்.

வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். தகரப் பெட்டிக்குள் அதைப் பேட்டரியால் வெல்ல முடியாது, உயரத்தால் வெல்லலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிரும். ஆம்பூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஏலகிரி சுமார் 1,100. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஐந்து டிகிரி குறைகிறது. அந்த டீசல்தான் எங்கள் ஏ.சி. பில்.

ஆட்டம், சத்தம், சாய்வு

தொட்டிகளோடு சேராத தொல்லைகளும் உண்டு. ஒவ்வொரு வேகத்தடையிலும் டம்ளர், தட்டு, அலமாரிக் கதவு எல்லாம் கச்சேரி நடத்தும். ரப்பர், தெர்மாகோல் என்று பலர் பலது வைப்பார்கள். எங்கள் ஊரில் அதைவிட நல்லது கிடைக்கிறது: ஷூ அப்பர் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் தோல். தோல் என்பது நெய்த துணி போல ஒழுங்காக இல்லாமல், எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும் கொலாஜன் நார்கள். அந்த நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை விழுங்கிவிடும். கீல் அடியில் ஒரு வட்டம், கதவு விளிம்பில் ஒரு பட்டை, தட்டுகளுக்கு இடையே ஒரு துண்டு. இப்போது இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கிறது.

சாய்வுக்கு என் கருவி தோசைக்கல். வண்டி சமமாக நிற்கவில்லை என்றால் ஆம்லெட் ஒரு ஓரமாக ஓடும், இரவில் தலைக்கு ரத்தம் ஏறும். சக்கரத்தின் கீழ் மரக்கட்டை வைத்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முதல் முயற்சியிலேயே ஆம்லெட் வட்டமாக வந்தால் அன்று நாள் நன்றாக இருக்கும்.

எங்கே நிறுத்துவது?

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இதற்கான குரு லாரி டிரைவர்கள்தான். வண்டியிலேயே தூங்கி, வண்டி ஓரத்தில் சமைத்து வாழும் அவர்களைப் போலக் கேரவன் அனுபவம் யாருக்கும் கிடையாது. பத்து லாரி நிற்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும், விளக்கு இருக்கும், பயமிருக்காது. "அண்ணே, இங்க ராத்திரி நிறுத்தலாமா?" என்று கேட்டால், எந்த இடம் சரி, எந்த இடத்தில் டீசல் திருடுவார்கள் என்பது வரை சொல்வார்கள்.

நம் முன்னோர்கள் இதை வேறு மாதிரி யோசித்திருந்தார்கள். ராணி மங்கம்மாள் போன்றவர்கள் சாலை போட்டபோது சத்திரத்தையும் சேர்த்தே கட்டினார்கள். பயணிக்குத் திண்ணை, மாட்டுக்குத் தண்ணீர். 2021-இல் கேரளா அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டம், வண்டியையும் அது நிற்கும் பூங்காவையும் சேர்த்துப் பேசியதால்தான் எனக்குப் பிடித்தது. பாரசீகச் சொல்லில் கார்வானை எடுத்துக்கொண்டு சராயை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடக்கும். ஏன் என்பது மூன்றாவது தொட்டியில் தெரியும்.

மூன்றாவது தொட்டி: கழிவு

குளித்த, கழுவிய 22 லிட்டரும் வண்டிக்கு அடியில் 50 லிட்டர் தொட்டியில் சேர்கிறது. இரண்டு நாளில் நிரம்பிவிடும். கையடக்க டாய்லெட்டின் 20 லிட்டர் பெட்டியும் இரண்டு பேருக்கு இரண்டு, இரண்டரை நாள்தான். ஆக மின்சாரம் ஐந்து நாள், தண்ணீர் மூன்றரை நாள், கழிவு இரண்டு நாள். எங்கள் பயணத்தின் நீளம் இரண்டு நாள். நல்ல தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினால் இது கூடாது. அதிகமாகச் செலவழித்து, கழிவுத் தொட்டியை இன்னும் சீக்கிரம் நிரப்புவோம்.

தொட்டியின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. இரவில் காய்ந்து கிடக்கும் பாலாற்றின் கரையில் நிறுத்தி அதைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. 50 லிட்டர் சோப்புத் தண்ணீர்தானே?

இந்த 'தானே' எங்கள் பகுதியில் சொல்லத் தகாத வார்த்தை. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் ஆகும் என்பது பொதுவான கணக்கு. உப்பும் குரோமியமும் கலந்து அது வெளியே வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பல ஊர்களில், பல ஆண்டுகள், அந்தத் தண்ணீர் நிலத்துக்கும் ஆற்றுக்கும்தான் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநிறுத்தியதும் அதுதான். நான் ஷவர் துளையில் சுரண்டும் உப்பில் எவ்வளவு பாறையிலிருந்து வந்தது, எவ்வளவு தோலிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. தண்ணீரை வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆனால் தண்ணீரைப் பிரித்தாலும் உப்பும் சேறும் மிஞ்சும். அவற்றுக்கும் ஒரு தொட்டி வேண்டும். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் அப்படி ஒரு தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். கழிவு எங்கேயும் மறைவதில்லை. ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது, கடைசித் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் வழக்கம் இது. இரண்டாம் நாள் மாலைக்குள் சாக்கடை இணைப்போ செப்டிக் டேங்கோ உள்ள ஒரு லாட்ஜையோ தாபாவையோ பார்த்து, உரிமையாளரிடம் விவரம் சொல்லி, அனுமதி வாங்கி, காசு கொடுத்து ஊற்றுகிறோம். செப்டிக் டேங்கின் பாக்டீரியாவைக் கொல்லும் நீல நிற டாய்லெட் ரசாயனத்தைப் பயன்படுத்துவதில்லை. வடிகட்டியில் சிக்கும் சோற்றுப் பருக்கையைக் குப்பையில் போடுகிறோம். பாதிப் பேர் முதலில் மறுப்பார்கள். "டாய்லெட்லதான் ஊத்துறேன், கழுவிட்டுத்தான் போவேன்" என்று சொன்னால் சிலர் சம்மதிப்பார்கள். ஒரு தாபாக்காரர், "எல்லாரும் ரோட்டுலயே விட்டுட்டுப் போறாங்க, நீங்க கேக்கறீங்க" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். கேரவன் வாழ்க்கையின் வெற்றிகளில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

வேன் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஒரே யோசனை. கட்டித் தருபவர் படுக்கை, டி.வி., ஏ.சி. பற்றியெல்லாம் அவராகவே பேசுவார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: கழிவுத் தொட்டி எத்தனை லிட்டர், அதை எங்கே எப்படிக் காலி செய்வது? இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் முன்பணம் கொடுங்கள்.