வீட்டுத் தோட்டத்துக்குப் பழக்கன்று எங்கே வாங்கலாம்?

வெலிமடைச் சந்தையிலும் வீதியோரங்களிலும் கறுப்பு பொலித்தீன் பைகளில் பழக்கன்றுகள் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நேரம் லொறியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே வந்துவிடுவார்கள். "ஒட்டு ஆனைக்கொய்யா, ரெண்டு வருசத்தில் காய்க்கும்" என்று சொல்வார்கள். விலையும் மலிவாக இருக்கும். சம்பள நாளாக இருந்தால் இரண்டு கன்று கைக்கு வந்துவிடும்.

மரக்கறி விதையில் ஏமாந்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பழக்கன்றில் ஏமாந்தது அப்படி இல்லை. முதலாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போன பிறகுதான் அந்த மரம் காய்க்குமா, காய்த்தால் எப்படிப்பட்ட காய் என்பது தெரியவரும். அதுவரை தண்ணீர் ஊற்றியதும், சாணம் சுமந்ததும், அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டதும் கணக்கில் சேராத செலவுகள். ஆகவே கன்றின் விலை என்பது கடைக்காரர் சொல்லும் தொகை மட்டுமல்ல. காத்திருக்கும் வருடங்களும் நம் பணம்தான்.

நம்மவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அது இடம். 2015க்குப் பிறகு கட்டப்பட்ட புதிய தோட்ட வீடுகளில் பலவற்றுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்தார்கள். 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, மலசலகூடம், படிக்கட்டு, பாதை எல்லாம் போனால் மிச்சம் எவ்வளவு? நன்றாக வளர்ந்த ஓர் ஆனைக்கொய்யா மரம் சுற்றிவர இருபது அடியைப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் பெரிய மரம் ஒன்றுதான் வைக்கலாம். ஒன்றே ஒன்று என்னும்போது அது நல்ல கன்றாக இருந்தாக வேண்டும்.

விதைக்கன்றும் ஒட்டுக்கன்றும்

தேயிலை நர்சரியில் வேலை செய்த சகோதரிகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழைய விதைத் தேயிலையில் ஒரு செடி போல் மறுசெடி இராது. வி.பி. தேயிலையில் தாய்ச்செடியின் ஓர் இலையோடு தண்டை வெட்டி, பையில் நட்டு வளர்க்கிறோம். எத்தனை ஆயிரம் கன்று எடுத்தாலும் டி.ஆர்.ஐ. 2025 என்பது டி.ஆர்.ஐ. 2025தான். பழமரத்திலும் இதே கதைதான். நல்ல பழம் தின்றுவிட்டு அதன் கொட்டையை நட்டால், அதே பழம் வரும் என்று நம்ப முடியாது. நல்ல மரத்தின் கிளையை நாற்றில் ஒட்டினால் மட்டுமே அதே பழம் வரும்.

உலகமெங்கும் விற்கும் ஹாஸ் என்ற ஆனைக்கொய்யா இதற்கு நல்ல சாட்சி. கலிபோர்னியாவில் ருடோல்ப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920களில் சில நாற்றுகளை நட்டார். அவற்றில் ஒன்றில் வேறு இனத்தை ஒட்டப் பார்த்தார், ஒட்டுப் பிடிக்கவில்லை. விட்டுவிட்ட அந்த நாற்றே வளர்ந்து அருமையான காயைத் தந்தது. 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தாய்மரம் 2002இல் வெட்டப்பட்டுவிட்டது. ஆனால் இன்று உலகில் உள்ள ஒவ்வொரு ஹாஸ் மரமும் அந்த ஒரே மரத்தின் கிளைவழி வந்ததுதான். தபால்காரருக்கு அடித்த அதிர்ஷ்டம் நமக்கும் அடிக்கலாம். ஆனால் 7 பேர்ச்சஸ் காணியில் அதிர்ஷ்டத்தை நம்பி மரம் வைக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

காலமும் மிச்சமாகும். ஆனைக்கொய்யா விதைக்கன்று காய்க்க ஆறு, ஏழு வருடம், சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும்.

எங்கே போவது?

முதலில் விசாரிக்க வேண்டிய இடம் விவசாயத் திணைக்களம். அதன் விதை மற்றும் நடுகைப் பொருள் அபிவிருத்தி நிலையம் அரசாங்கப் பண்ணைகளில் பழக்கன்றுகளை உண்டாக்கி விற்கிறது. நம் பக்கத்தில் பண்டாரவளையில் பிராந்திய விவசாய ஆராய்ச்சி நிலையமும், பொரலந்தைக்குப் பக்கத்தில் ரஹங்கலையில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நுவரெலியா வீதியில் சீதா எலியவிலும் ஒன்று உண்டு. இங்கெல்லாம் எல்லா மாதமும் எல்லாக் கன்றும் இராது. பஸ்ஸுக்குச் செலவழித்துப் போய் வெறுங்கையோடு திரும்பாமல், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்கள். உங்கள் பகுதியின் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரையும் சந்திக்கலாம். தோட்டத்து ஆட்கள் அந்தப் படியை மிதிக்கத் தயங்குகிறார்கள். வயல் உள்ளவர்களுக்கு மட்டுமான இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்க வயல் வேண்டியதில்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் மாதர் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து போங்கள். நாலு பேருக்கும் சேர்த்து வாங்கினால் கூலி வாகனச் செலவும் பங்காகிவிடும்.

அடுத்தது பதிவு செய்த தனியார் நாற்றுமேடைகள். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டத்தின் கீழ் விதை, நடுகைப் பொருள் உற்பத்தி செய்வோரும் விற்போரும் பதிவு செய்ய வேண்டும். விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிச் சேவை பரிசோதித்த கன்றுக்கு அடையாளச் சிட்டை கட்டியிருக்கும். "சிட்டை எங்கே?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தச் சிட்டையைப் பிய்த்து எறியாமல், வாங்கிய திகதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையிலோ லொறியிலோ வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் நல்ல கன்று வருவதுண்டு. ஆனால் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்க வேண்டும். ஒட்டுக்கன்று என்றால் மண்ணிலிருந்து ஒரு சாண் அளவில் ஒட்டிய தழும்பு தெரியும். சும்மா ஒரு பொலித்தீன் நாடாவைச் சுற்றிவிட்டு ஒட்டு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நாடாவின் மேலும் கீழும் பட்டையைப் பாருங்கள், ஒரே தண்டாக வழுவழுவென்று போனால் அது விதைக்கன்று. ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் வீட்டில் அதைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடிநாற்று மேலே வந்துவிடும். பையின் அடியில் தடித்த வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய கன்று. உள்ளே வேர் சுருண்டிருக்கும். உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். தண்டு தடித்த, இலை முற்றிய குட்டைக் கன்றே நல்லது. தோடை, எலுமிச்சைக் கன்றில் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாக இருந்தால் விலகிவிடுங்கள். பசளைக் குறை என்று சொல்வார்கள், ஆனால் மருந்தே இல்லாத பசுமையாக்கல் நோயாகவும் அது இருக்கலாம்.

நம் குளிருக்கு எது?

ஆனைக்கொய்யா வெலிமடைக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் வேர் அழுகிவிடும், ஆகவே சரிவில் வையுங்கள். இதன் பூக்கள் இருவகை. ஒரு வகை காலையில் பெண் பூவாகவும் மறுநாள் பின்னேரம் ஆண் பூவாகவும் விரியும். மற்றது பின்னேரத்தில் பெண்ணாகவும் மறுநாள் காலையில் ஆணாகவும் விரியும். ஹாஸ், சிமன்ட்ஸ் முதல் வகை. புவெர்ட்டே, பொல்லொக், பூத் 7 இரண்டாவது வகை. ஒரே மரமும் காய்க்கும், இரு வகையும் அருகருகே இருந்தால் கூடுதலாகக் காய்க்கும். நீங்கள் ஒரு வகையும் அடுத்த வீட்டு அக்கா மற்ற வகையும் வைத்தால் இரு வீட்டுக்கும் இலாபம்.

பேரிக்காய் நம் ஊருக்குப் பழக்கமான மரம். ஒட்டுக்கன்றாகவே வாங்குங்கள். அப்பிள் கன்றில்தான் அதிகம் ஏமாறுகிறோம். பெரும்பாலான அப்பிள் இனங்கள் பூக்க, 7 பாகைக்குக் குறைந்த குளிர் வருடத்தில் 800 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இங்கே அது கிடையாது. இஸ்ரேலில் உண்டாக்கிய அன்னா போன்ற சில இனங்களே குறைந்த குளிரில் காய்க்கும். விற்பவருக்கு இனத்தின் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

கொய்யாவுக்குப் பதிக்கன்று வாங்கலாம், சீக்கிரம் காய்க்கும், கவாத்துப் பண்ணிக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரே ஒரு மரம் என்றால் நான் கொய்யாவைத்தான் சொல்வேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும்போது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. கொய்யா, எலுமிச்சை, தோடையில் உள்ள விற்றமின் சி அதைச் சேர்க்க உதவும். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்ட தாய்மாருக்கு இது சின்ன விசயம் அல்ல.

லயன் அறையில் இருப்பவர்களின் நிலை வேறு. நிலம் தோட்டத்துடையது. மரம் வைத்தால் துரையிடம் கேட்க வேண்டிவரும். நாளைக்கு அந்த மரம் யாருடையது என்ற வழக்கும் வரலாம். அவர்களுக்குக் கொடித்தோடையும், பையில் வளரும் ஸ்ட்ரோபெரியும், பழைய பீப்பாயில் எலுமிச்சையும் பொருத்தம். வேறு வீட்டுக்குப் போகும்போது பையையும் பீப்பாயையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

காசு கொடுக்காமலே கிடைப்பவை

எல்லாவற்றுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஸ்ட்ரோபெரி தானே கொடிவிட்டுக் கன்று போடும். மாதுளை தண்டிலிருந்து முளைக்கும். கொடித்தோடையை விதையிலிருந்தே வளர்க்கலாம், ஒரு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கும். மரத்தக்காளியும் விதையில் வரும், ஒன்றரை இரண்டு வருடத்தில் பழம் பறிக்கலாம். அது உருளைக்கிழங்கின் குடும்பம் என்பதால் கிழங்குப் பாத்திக்குத் தள்ளி நடுங்கள். வாழைக்குட்டி கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் குருத்து இலை சிறுத்துக் கொத்தாக நிற்கும் புதரிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. அது வைரசு நோய்.

ஒட்டுவதையும் சங்கத்தில் ஒருவர் பழகிக்கொண்டால் போதும். ஆனைக்கொய்யாக் கொட்டையைப் பையில் நட்டு, தண்டு பென்சில் தடிப்புக்கு வந்ததும் தலையை வெட்டி நடுவே ஓர் அங்குலம் பிளக்க வேண்டும். நன்றாகக் காய்க்கும் மரத்தில் அதே தடிப்புள்ள நுனிக்கிளையை எடுத்து, இலைகளைக் கழித்து, அடியை ஆப்புப் போலச் சீவி அந்தப் பிளவில் இறக்கி, இரு பட்டையும் ஒரு பக்கமாவது பொருந்தும்படி மெல்லிய பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் துளிர் வரும். பத்துக்கு நாலு பிடித்தாலும் முதல் தடவைக்கு நல்லதுதான். கத்தி சுத்தமாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். வி.பி. தண்டு வெட்டிப் பழகிய கைக்கு இது கடினமாக இராது.

கன்று வாங்க நல்ல காலம் ஒக்டோபர், நவம்பர். ஊவாவுக்கு மழை வரும் மாதங்கள் அவை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்றுக் காலம். அப்போது மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நட்டால், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்று கொண்டுவரும் தண்ணீரில் பாதியைக் கன்றுக்கே கொடுக்க வேண்டிவரும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழியை ஒரு மாதம் முந்தியே வெட்டி, மக்கிய சாணமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி வையுங்கள். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும். காற்றுக்கு ஆடாமல் ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். ஆடும் கோழியும் அவிழ்த்துவிட்டிருக்கும் இடமானால் வேலியை முதலில் கட்டிவிட்டுக் கன்று வாங்கப் போங்கள்.