பில்லர் மாடலில் ஒன்று, ஷீட்டில் வேறொன்று... கட்டுமானத் தளத்தைக் குழப்பும் 'ஃபைனல்' ஃபைல்கள்!

பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டி உபரியாகப் போகும் தண்ணீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவதுதான் அத்திக்கடவு - அவிநாசி திட்டம். 2019-ல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-ல் திறப்பு, செலவு 1,916 கோடி ரூபாய். கொங்கு மண்டலத்தில் பலருக்கும் இந்த எண்கள் அத்துப்படி. யாரும் அதிகம் பேசாத கணக்கு ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய வேலைக்கு எத்தனை காகிதம் ஆகும்?

இப்படியொரு திட்டத்தில் ஒரேயொரு குட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே போகும் குழாயின் பாதை வரைபடம், அது கடக்கும் நிலங்களின் சர்வே எண்கள், எஃப்எம்பி ஸ்கெட்ச், ரோட்டைத் தோண்ட அனுமதிக் கடிதம், குழாய்க்கான சோதனைச் சான்று, தண்ணீரை அழுத்திப் பார்த்த ரிப்போர்ட், வேலை முடிந்தபின் உண்மையில் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டும் இறுதி வரைபடம். இதை 1,045-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

காகிதம் அதிகம் என்பதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. கையில் இருக்கும் காகிதம் எந்தக் குழாயைப் பற்றியது, அதுதான் கடைசியாகத் திருத்தப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் சட்டென்று பதில் கிடைக்காததுதான் சிக்கல். கட்டட மாடலையும் ஆவணங்களையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் மென்பொருள்கள் வந்தது இதற்காகத்தான்.

எஃப்எம்பியும் பட்டாவும்

'பிம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டடத் தகவல் மாடல் என்பது வெறும் 3டி படம் இல்லை. அதில் வரும் ஒவ்வொரு தூணுக்கும், பீமுக்கும், கதவுக்கும் தன்னைப் பற்றிய தகவல் இருக்கும். தூண் என்றால் அதன் அளவு, கான்கிரீட் தரம், எந்தத் தளம் எல்லாம் அதனுள்ளேயே இருக்கும். குளிரூட்டும் குழாய் பீமை இடித்துக்கொண்டு போகிறதா என்பதைக் கட்டுவதற்கு முன்பே மென்பொருள் காட்டிவிடும். பிம் பற்றிய விளம்பரங்களில் வரும் மாயாஜாலம் பெரும்பாலும் இதுதான். மாயாஜாலம் இல்லாத பகுதி ஆவணங்களில் இருக்கிறது. தளத்தில் சண்டை வருவதும் அங்கேதான்.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது எளிதில் புரியும். எஃப்எம்பி என்பது நிலத்தின் படம். பட்டா என்பது நிலத்தைப் பற்றிய தகவல். இரண்டையும் கட்டிவைப்பது சர்வே எண். 45/2 என்ற நிலம் பாகம் பிரிந்தால் 45/2ஏ, 45/2பி என்று ஆகும். படத்தில் உட்பிரிவு செய்துவிட்டு பட்டாவை மாற்றாமல் விட்டாலோ, பட்டாவை மாற்றிப் படத்தை மறந்தாலோ, அடுத்த தலைமுறை தாலுகா ஆபீஸுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டியதுதான்.

கட்டடத்திலும் அதே கதை. மாடல்தான் எஃப்எம்பி. டிராயிங், ஸ்ட்ரக்சுரல் கணக்கு, கான்கிரீட் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட், பம்பின் வாரன்டி, 'இந்த இடத்தில் கம்பி எப்படி வரணும்?' என்று தளத்திலிருந்து கேட்ட கேள்வி, அதற்கு வந்த பதில்... இவையெல்லாம் பட்டா பக்கம். மாடலில் ஒரு தூணைத் தொட்டால் அதன் ஆவணங்கள் எல்லாம் வர வேண்டும். ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தால் அது எந்தத் தூணுக்கானது என்று மாடல் காட்ட வேண்டும். ஆட்டோடெஸ்க் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிளவுட், டிரிம்பிள் கனெக்ட், பென்ட்லி புராஜெக்ட்வைஸ், ஆரக்கிள் அகோனெக்ஸ், கட்டெண்டா ஹப் எனப் பெயர்கள் பல. வசதிகள் கூடக்குறைய இருக்கும்; அடிப்படை வேலை இதுதான்.

வாட்ஸ்அப் எனும் 'மென்பொருள்'

நம்மூரில் இந்த வேலையை இப்போது செய்வது வாட்ஸ்அப். ஆர்க்கிடெக்ட் கோவையில், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஈரோட்டில், கட்டடம் பவானியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரூப்பில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் 2 லேட்டஸ்ட்' என்று மூன்று பிடிஎஃப் கிடக்கும். கம்பி கட்டுபவர் கேட்பார்: "ஏனுங் சார், நேத்து வந்த ஷீட்டைப் பார்த்துக் கட்டறதுங்களா, இல்ல காலைல வந்ததுங்களா?" சைட் இன்ஜினீயர் போன் போட்டுக் கேட்பார். பதில் வாய்வார்த்தையாக வரும். ஸ்லாப் போட்ட பிறகு அந்தப் பதிலுக்குச் சாட்சி கிடையாது.

இதற்கு உலகம் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒரு நடைமுறை இருக்கிறது. பிரிட்டன் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசு நிதியில் நடக்கும் கட்டுமானங்களுக்கு பிம் முறையைக் கட்டாயமாக்கியது. அங்கே பழகிய முறைகளை அடிப்படையாகக் கொண்டு 2018 டிசம்பரில் ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரநிலையின் முதல் இரண்டு பாகங்கள் வெளிவந்தன. அதன் மையத்தில் இருப்பது 'பொதுத் தரவுச் சூழல்'. பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது.

எந்தக் கோப்பாக இருந்தாலும் நான்கு நிலைகளில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். வரைபவரின் மேஜையில் இருப்பது 'வேலையில் உள்ளது'. மற்ற குழுக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல அனுப்புவது 'பகிரப்பட்டது'. பொறுப்பானவர் ஒப்புதல் கொடுத்தது 'வெளியிடப்பட்டது'. புதியது வந்ததும் பழையது 'காப்பக'த்துக்குப் போகும், அழிக்கப்படாது. கான்கிரீட் போடுபவர் பார்க்கவேண்டியது மூன்றாவதை மட்டும்தான். பிரிட்டிஷ் பழக்கத்தில் ரிவிஷன் எண்ணிலேயே இது தெரிந்துவிடும். பி01, பி02 என்றால் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. சி01 என்றால் ஒப்பந்தப்படி கட்டலாம்.

வாட்ஸ்அப்பில் இல்லாதது இந்த 'நிலை'தான். அங்கே எல்லா பிடிஎஃப்பும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். யோசனையாக அனுப்பியதா, உத்தரவாக அனுப்பியதா என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரு கம்பி இரண்டானபோது...

இதெல்லாம் ஆபீஸ் ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று தோன்றலாம். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் லாபியில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கிய நான்காம் தள நடைபாலம் அறுந்து, நேர் கீழே இருந்த இரண்டாம் தள நடைபாலத்தோடு சேர்ந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. 114 பேர் இறந்தார்கள்.

முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி இரண்டு பாலங்களையும் தாங்குவதாக இருந்தது. தயாரிப்பு எளிதாக இருக்க அது இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது. கூரையிலிருந்து நான்காம் தளத்துக்கு ஒன்று. நான்காம் தளப் பாலத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு இன்னொன்று. உறியை நினைத்துப் பாருங்கள். ஒரே கயிற்றில் இரண்டு பானைகளைத் தனித்தனி முடிச்சில் கட்டுவது வேறு. கீழ்ப்பானையை மேல்பானையின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது வேறு. நான்காம் தளத்தின் இணைப்பு இரண்டு மடங்கு சுமையைத் தாங்கவேண்டி வந்தது.

மாற்றம் ஷாப் டிராயிங்கில் இருந்தது. அதில் பொறியாளரின் முத்திரையும் இருந்தது. ஆனால் அந்த மாற்றத்துக்கான கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. போனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றது தயாரிப்பாளர் தரப்பு. அப்படி ஓர் அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. கடைசியில் பொறியாளர்கள் தங்கள் உரிமத்தை இழந்தார்கள்.

இன்றைய மென்பொருள் இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்பது விற்பனைப் பேச்சு. முதல் வடிவமைப்பே கட்டட விதிகள் கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்று விசாரணை சொன்னது. ஆனால், 'இந்த இணைப்பு மாறுகிறது. இதற்கான கணக்கு எங்கே?' என்ற கேள்வி அந்த இணைப்பின்மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அதை மூட ஒருவர் தன் பெயரையும் தேதியையும் போட்டாக வேண்டியிருக்கும். போன் அழைப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

22 எழுத்து சர்வே எண்

மாடலில் உள்ள தூணையும் அதன் ஆவணத்தையும் மென்பொருள் எப்படிச் சேர்த்து வைக்கிறது? ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் தனக்கென ஒரு கோப்பு வடிவம் வைத்திருக்கும். எல்லோருக்கும் பொதுவாக 'பில்டிங்ஸ்மார்ட்' அமைப்பு உருவாக்கிய திறந்த வடிவம் ஐஎஃப்சி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துகள் கொண்ட தனி அடையாள எண் உண்டு. அதுதான் அந்தத் தூணின் சர்வே எண். டெஸ்ட் ரிப்போர்ட், தளத்திலிருந்து கேட்ட கேள்வி, புகைப்படம் எல்லாமே அந்த எண்ணில்தான் கட்டப்பட்டிருக்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஒரு தூணின் அளவை மாற்றச் சொன்னால், அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைவது சிலருக்கு சுலபம். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் புதுத் தூணுக்குப் புது எண் வந்துவிடும். பழைய எண்ணில் கட்டியிருந்த ஆவணங்கள் எல்லாம் ஆளில்லாத வீட்டு முகவரிக்கு வந்த தபால்போல நிற்கும். 1980களின் யூடிஆர் நில அளவையில் பழைய எண்ணும் புது எண்ணும் பொருந்தாமல் போய், இன்றுவரை அலையும் குடும்பங்களுக்கு இந்த வலி புரியும். இருக்கும் தூணின் அளவைத் திருத்த வேண்டும். அழித்து வரையக் கூடாது.

பிழைகளைச் சுட்டிக்காட்ட பிசிஎஃப் என்று இன்னொரு வடிவம் இருக்கிறது. டெக்லா, சோலிப்ரி நிறுவனங்கள் தொடங்கிவைத்தது. முழு மாடலையும் அனுப்பாமல், பிரச்சினை என்ன, எந்தப் பொருளில், எந்தக் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும், யார் சரிசெய்ய வேண்டும் என்பதை மட்டும் அனுப்பும். பெறுபவர் வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் திறக்கலாம்.

'எல்லோரும் ஒரே கம்பெனி மென்பொருளை வாங்கிவிட்டால் போச்சு' என்பவர்களுக்கு ஏர்பஸ் ஏ380 நல்ல பதில். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் ஒரே கேட்டியா மென்பொருளைத்தான் பயன்படுத்தினார்கள். பதிப்புதான் வேறு: ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5. தயாரித்து வந்த வயர் கட்டுகள் விமானத்துக்குள் சரியாகப் பொருந்தவில்லை. 2006-ல் விமானத்தின் விநியோகம் தள்ளிப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

கோவையில் ஒன்று, சொந்த ஊரில் ஒன்று

இந்தியாவில் இந்த முறையை முன்கூட்டியே கையில் எடுத்த திட்டங்களில் ஒன்று நாக்பூர் மெட்ரோ. மாடலோடு கால அட்டவணையையும் செலவையும் சேர்த்து '5டி பிம்' என்று அழைத்தார்கள். பென்ட்லி, பிரைமவேரா, எஸ்ஏபி போன்றவற்றை ஒன்றோடொன்று இணைத்தார்கள். எத்தனை தூண் முடிந்தது, அதற்கு எவ்வளவு பில் போட வேண்டும் என்பதை மாடலிலிருந்தே பார்க்கலாம் என்பதுதான் நோக்கம்.

கோவையில் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு ஸ்டீல் டீட்டெயிலிங், பிம் மாடலிங் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. பகலில் லண்டன் கட்டடத்துக்கு சி01 ரிவிஷன் போடும் இளைஞர், சாயங்காலம் பவானியில் தன் அப்பா கட்டும் வீட்டுக்கு 'ஃபைனல் 2 லேட்டஸ்ட்' ஃபார்வர்டு செய்வதும் நடக்கக்கூடியதுதான். மாடல் வரையத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய. கோப்புக்குப் பெயர் வைப்பது, நிலை மாற்றுவது, யாருக்கு எதைத் திறந்து காட்டுவது என்று தீர்மானிப்பது ஆகியவற்றைத் தெரிந்தவர்களுக்கு வேலைச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஐஎஸ்ஓ 19650-ஐப் படித்துப் புரிந்துகொள்வது இன்னொரு 3டி மென்பொருள் கற்பதைவிட உதவும்.

தனி வீட்டுக்கோ சின்ன குடோனுக்கோ காசு கட்டி மென்பொருள் வாங்குவது தேவையில்லாத செலவு. கிளவுடில் ஒரு ஃபோல்டர் போதும். 'கட்டலாம்' என்ற ஃபோல்டரில் ஃபைல் போடும் அனுமதி ஒரே ஒருவருக்கு மட்டும். கோப்பின் பெயரில் 'ஃபைனல்' என்ற சொல்லுக்குத் தடை. ரிவிஷன் எண்ணும் தேதியும் போதும். போனில் சொன்னதை அன்று இரவுக்குள் எழுத்தில் போட வேண்டும். புது ஷீட் வந்த அன்றே, சிமென்ட் மூட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பழைய ஷீட்டை மேஸ்திரி கையாலேயே கிழித்துவிடச் சொல்ல வேண்டும்.