துப்பாக்கியை எடுக்கும் முன் பேச ஓர் ஆள்

அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு என்றதும் நம் நினைவுக்கு வருவது, பள்ளிக்கூடத்திலோ வணிக வளாகத்திலோ ஒரே நேரத்தில் பலர் கொல்லப்படும் செய்திகள்தான். ஆனால், அங்கே கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிச் சாவதில்லை. தெருமுனையில், நின்றிருந்த காருக்குள், சொந்த வீட்டு வாசற்படியில் என்று ஒருவர் இருவராகச் சாகிறார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியின் அரை நிமிடச் செய்தியோடு அந்தச் சாவுகள் மறக்கப்பட்டுவிடுகின்றன.

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள். ஏறத்தாழ 21,000 பேர் பிறர் கையால் கொல்லப்பட்டவர்கள். அவர்களில் கறுப்பின இளைஞர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு இருக்கும் பங்கைவிடப் பல மடங்கு அதிகம். குழந்தைகளும் பதின்ம வயதினரும் இறப்பதற்கான முதல் காரணமாக 2020இல் சாலை விபத்தைத் துப்பாக்கி முந்தியது.

கூடுதல் போலீஸ், கடும் தண்டனை என்கிறது ஒரு தரப்பு. துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது மறுதரப்பு. இந்த வாதம் ஆண்டுக்கணக்கில் இழுபடும்போதே, பாஸ்டன், சிகாகோ, ஓக்லாண்ட், பால்டிமோர் போன்ற நகரங்கள் இன்னொரு வழியையும் முயன்று பார்த்திருக்கின்றன. சுடக்கூடிய நிலையில் இருப்பவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவர் மதிக்கும் ஒருவரை அவரிடம் அனுப்புவதுதான் அது. சமூக வன்முறைத் தடுப்பு என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தப் பணி எப்படி நடக்கிறது? எங்கே பலன் தந்தது? எங்கே தவறியது?

சுடுகிறவர்கள் மிகச் சிலர்

ஒரு நகரத்தின் ஒரு பகுதியை 'மோசமான ஏரியா' என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால், அந்தப் பகுதியில் வாழும் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. சமூகவியலாளர் ஆண்ட்ரூ பாப்பகிறிஸ்டோஸ் சிகாகோவில் குண்டடிபட்டுப் பிழைத்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார். ஒன்றாகக் கைதானவர்களைக் கோத்து யாருக்கு யாரோடு தொடர்பு என்று வரைந்து பார்த்தபோது, குண்டடிபட்டவர்களில் 70 சதவீதம் பேர், நகர மக்கள்தொகையில் 6 சதவீதம்கூட இல்லாத வட்டங்களுக்குள் இருந்தார்கள். ஓக்லாண்டில் கணக்கெடுத்தபோது இந்த வட்டம் இன்னும் சுருங்கியது. சுமார் 4 லட்சம் பேர் வாழும் அந்த நகரத்தில், ஆயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட குழுக்களைச் சுற்றியே பெரும்பாலான கொலைகள் நடந்திருந்தன.

சுடுகிறவரும் சுடப்படுகிறவரும் இங்கே இரு வேறு சாதி மனிதர்கள் அல்லர். இன்று தோளில் குண்டு வாங்கி மருத்துவமனையில் கிடப்பவர், நாளை பழிவாங்கக் கிளம்புகிறார். நாளை மறுநாள் அவரே சவப்பெட்டியில் கிடக்கலாம். காரணம் பெரும்பாலும் போதைமருந்து வியாபாரம்கூட இல்லை. பழைய பகை, சமூக ஊடகத்தில் ஓர் அவமதிப்பு, காதல் விவகாரம், கொல்லப்பட்ட நண்பனுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு. கையில் துப்பாக்கி இல்லாத ஊரில் கைகலப்போடு முடிந்திருக்கும் தகராறுகள் இவை.

பழிவாங்கும் இரவுகளில்

கேரி ஸ்லட்கின் தொற்றுநோய் மருத்துவர். ஆப்பிரிக்காவில் காலராவையும் எய்ட்ஸையும் எதிர்த்து வேலை செய்துவிட்டு சிகாகோவுக்குத் திரும்பியவர். அங்கே துப்பாக்கிச்சூடுகளின் வரைபடத்தைப் பார்த்தபோது, ஒரு சம்பவம் அடுத்ததைப் பெற்றெடுக்கும் விதம் தொற்றுநோய் பரவும் விதத்தை ஒத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. காலரா பரவும் ஊரில் அந்த ஊர்க்காரர்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புவார்கள். அதையே இங்கும் செய்தால் என்ன? 'சீஸ்ஃபயர்' என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு, சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்டு பார்க் பகுதியில் பணி தொடங்கியது. முதல் ஆண்டிலேயே அங்கே துப்பாக்கிச்சூடுகள் 67 சதவீதம் குறைந்தன. இன்று 'க்யூர் வயலன்ஸ்' என்ற பெயரில் பல நாடுகளில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

களத்தில் இறங்குகிறவர்களை 'இன்டரப்டர்கள்' என்கிறார்கள். பலர் சிறை சென்று மீண்டவர்கள், ஒருகாலத்தில் அதே தெருவில் குழுத் தலைவர்களாக இருந்தவர்கள். குண்டடிபட்ட இளைஞன் அவசரப் பிரிவுக்குள் கொண்டுபோகப்படும்போது, வெளியே அவனுடைய நண்பர்கள் கூடுகிறார்கள். ஒருவன் அழுகிறான், ஒருவன் போனில் கத்துகிறான், ஒருவன் காரை எடுக்கப் போகிறான். இன்டரப்டர் முதலில் கவனிப்பது காரை எடுக்கப் போகிறவனைத்தான். யார் சுட்டது என்று அவர் கேட்பதில்லை, அது போலீஸின் கேள்வி. சாப்பிட்டாயா, அம்மாவுக்குத் தெரியுமா, இன்றிரவு எங்கே தங்கப் போகிறாய் என்று கேட்கிறார். அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். தேவைப்பட்டால் இரண்டு நாள் வேறு பகுதியில் தங்கவைக்கிறார். அதற்குள் இன்னொருவர் எதிர்த்தரப்பில் யாரிடம் பேசினால் காரியம் நடக்குமோ அவரைத் தேடிப் போகிறார். ரோஷம் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைக் கடத்துவதுதான் முதல் வெற்றி. வேலை, படிப்பு, நிலுவையில் உள்ள வழக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

இவர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை, போலீஸுக்குத் துப்புக் கொடுப்பதும் இல்லை. துப்புச் சொல்பவர் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்தால், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவரிடம் வாய்திறக்க மாட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டமோ காக்கிச் சீருடையோ வாங்கித் தர முடியாத மரியாதை அவருடைய கடந்த காலத்திலிருந்து வருகிறது.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இது அறிமுகமான உண்மை. டொராண்டோவில் 1990களில் தமிழ் இளைஞர் குழுக்களுக்கிடையே மூண்ட பகை துப்பாக்கிச்சூடு வரை போனது. போலீஸ் நடவடிக்கை ஒருபுறம் இருக்க, அதே தலைமுறைத் தமிழ் இளைஞர்கள் கூடி, தங்கள் தம்பி தங்கைகளை அந்தப் பாதையில் விடக் கூடாது என்று ஓர் இளைஞர் மையத்தைத் தொடங்கினார்கள். அவர்களின் மொழியில், அவர்களின் வீடுகளுக்குள் போய்ப் பேச வெளியாட்களால் முடிந்திருக்காது.

ஓக்லாண்ட் சொல்லும் பாடம்

சிகாகோ வழியில் போலீஸுக்கு இடமில்லை. பாஸ்டன் வழியில் போலீஸும் உண்டு. 1992இல் பாஸ்டனில், கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள்ளேயே குழு மோதல் நுழைந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் கண்முன்னே ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் மட்டும் போதாது என்று உணர்ந்த கறுப்பினப் போதகர்கள் இரவு நேரங்களில் தெருவுக்கு வந்தார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் டேவிட் கென்னடி, ஆண்டனி பிராகா உள்ளிட்டோர் போலீஸோடும் இந்தப் போதகர்களோடும் சேர்ந்து 1996இல் ஒரு திட்டத்தை நடைமுறைப்படுத்தினார்கள். இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீட்டில் தெரிந்தது.

அந்த வழியை ஓக்லாண்ட் 2012இல் தீவிரமாகக் கையில் எடுத்தது. அந்த ஆண்டு அங்கே 126 கொலைகள். துப்பாக்கிச்சூடுகளை வாராவாரம் உட்கார்ந்து அலசி, அடுத்து ஆபத்து யாருக்கு, யாரால் என்று பட்டியலிட்டார்கள். பட்டியலில் இருந்தவர்களைக் கைது செய்யவில்லை, கூட்டத்துக்கு அழைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் பேசுவார். சிறையில் இளமையைத் தொலைத்தவர் பேசுவார். போதகர் பேசுவார். கடைசியில் போலீஸ் அதிகாரியும் பேசுவார். சாரம் ஒன்றுதான்: நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், சிறைக்கு வெளியே இருக்க வேண்டும். உதவி வேண்டுமா, இதோ இன்றைக்கே தருகிறோம். அதன் பிறகும் சுட்டால், முழுக் கவனமும் உங்கள் குழுமீது திரும்பும்.

ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். ஓட்டுநர் உரிமம் வாங்குவது, நீதிமன்றத் தேதிக்குத் தவறாமல் போவது, வேலைக்கான நேர்காணலுக்குச் சட்டை எடுப்பது என்று அன்றாடம் கூடவே இருப்பவர். வெள்ளிக்கிழமை இரவுகளில் போதகர்களும் பொதுமக்களும் ஆபத்தான தெருக்களில் கூட்டமாக நடந்தார்கள். 2018இல் கொலைகள் 68ஆக இறங்கின. நகரின் மற்ற மாற்றங்களைக் கழித்துப் பார்த்தும், இந்தத் திட்டத்தால் துப்பாக்கிக் கொலைகள் 31 சதவீதம் குறைந்ததாகப் பிராகாவும் சக ஆய்வாளர்களும் கணித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லா நகரங்களும் படிக்க வேண்டிய பகுதி. கொலைகள் குறைந்ததும் கவனமும் குறைந்தது. தலைமை மாறியது, கொரோனாக் காலத்தில் நேரடிச் சந்திப்புகள் நின்றன. வாராந்திர ஆய்வு, கூட்டங்கள், வழிகாட்டிகள் என்ற இணைப்பு அறுந்தது. கொலைகள் மீண்டும் நூற்றைத் தாண்டின. 2024 தொடக்கத்தில் வெளியான தணிக்கை, நகர நிர்வாகம் இந்தத் திட்டத்தைப் படிப்படியாகக் கைவிட்டிருந்ததை வெளிப்படையாகச் சொன்னது. மீண்டும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டே கொலைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நாடு முழுவதுமே கொலைகள் குறைந்த ஆண்டு அது என்பதால் முழுப் பெருமையையும் திட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால், கைவிட்டபோது என்ன நடந்தது என்பதை ஓக்லாண்டின் தாய்மார்கள் மறக்க மாட்டார்கள்.

பணம், பந்து, புல்தரை

ஓக்லாண்டுக்கு அருகே உள்ள சிறு நகரம் ரிச்மண்ட். அங்கே 2007இல் டெவோன் போகன் தலைமையில் தொடங்கிய அலுவலகம், சுடக்கூடும் என்று கருதப்பட்ட இளைஞர்களைத் தேடிப் பிடித்து 18 மாதப் பயிற்சியில் சேர்த்தது. இலக்குகளை எட்டியவர்களுக்கு மாதம் 1,000 டாலர் வரை உதவித்தொகையும் தந்தது. குற்றவாளிகளுக்குக் காசா என்று பலர் கொதித்தார்கள். ஆனால், 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, துப்பாக்கியால் நேர்ந்த மரணங்களும் மருத்துவமனை வருகைகளும் 55 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. துப்பாக்கி சாராத வன்முறை அதே காலத்தில் கூடியதையும் அது மறைக்கவில்லை.

சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற பள்ளித் திட்டத்தின் முதல் பயிற்சி மிக எளிது. இரண்டு மாணவர்களில் ஒருவன் கையில் பந்து. மற்றவன் 30 விநாடிக்குள் அதை வாங்க வேண்டும். கையை முறுக்குவான், விரல்களைப் பிரிப்பான், கட்டிப் புரளுவான். முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் நீ கேட்கவே இல்லை?" பந்தை வைத்திருந்தவனிடம், கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்பார். கொடுத்திருப்பேன், பந்துதானே என்பான் அவன். ஒரு கணம் நின்று யோசிக்கப் பழக்கும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது, பயிற்சி நடந்த காலத்தில் பாதியளவுக்குக் குறைந்தது.

பிலடெல்பியாவில் ஆய்வாளர் சார்லஸ் பிரானஸ் குழுவினர் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த மனைகளில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருந்த பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. புதர் மண்டிய மனைதான் துப்பாக்கியை ஒளித்துவைக்கும் இடம். புல்தரை ஆனதும் அங்கே மக்கள் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினார்கள்.

தவறிய இடங்களும் தந்த விலையும்

எல்லா இடத்திலும் இது வென்றுவிடவில்லை. பிட்ஸ்பர்க் நகரத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் கொலைகள் குறைந்ததற்குச் சான்று காணவில்லை. சில வகைத் தாக்குதல்கள் கூடியிருந்ததையும் பதிவு செய்தார்கள். பால்டிமோரில் 2007 முதல் நடக்கும் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' திட்டத்தின் பலன் பகுதிக்குப் பகுதி வேறுபட்டது. யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி, மேற்பார்வை எப்படி என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. பெயரை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டைவிட்டால் பயனில்லை.

வேலையின் ஆபத்தையும் பால்டிமோரே சொல்கிறது. 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடையில் 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' பணியாளர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி இல்லாமல் துப்பாக்கிகளுக்கு நடுவே நிற்கும் இந்த மனிதர்களில் பலருக்குக் குறைந்த சம்பளம், ஆண்டு ஒப்பந்தம். அடுத்த நிதியாண்டில் வேலை இருக்குமா என்ற நிச்சயம் கிடையாது. ஒரே வாரத்தில் இரண்டு இறுதிச் சடங்குக்குப் போய்வந்தவரின் மனக்காயத்துக்கு மருந்து போட எந்த ஏற்பாடும் இல்லாத அமைப்புகளும் உண்டு.

2022இல் நிறைவேறிய சட்டம் ஒன்றின் மூலம் கூட்டாட்சி அரசு இந்தப் பணிக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. நீண்ட காலத்துக்குப் பிறகு இந்த மனிதர்களுக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. 2025 ஏப்ரலில் அதே அரசின் நீதித் துறை நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவில் நிறுத்தியது. வன்முறைத் தடுப்பு அமைப்புகள் பலவற்றின் பணமும் அதில் போனது. பணியாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் இளைஞனின் நம்பிக்கையைப் பெற மாதக்கணக்கில் அலைந்தவர் ஒரே மின்னஞ்சலில் வேலையிழக்கும்போது, அந்த இளைஞனுக்கு நாம் சொல்லும் செய்தி என்ன?

பாலம் கட்டினால் ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குகிறோம். பாலம் நன்றாக நிற்கிறதே என்று யாரும் அதை நிறுத்துவதில்லை. மனித உயிர் விஷயத்தில் மட்டும், சாவு குறைந்ததும் செலவு எதற்கு என்று கேட்கிறோம். தடுக்கப்பட்ட கொலைக்குப் பிரேதமில்லை, வழக்கு எண் இல்லை, அதனால் அது கணக்கிலும் வருவதில்லை.

துப்பாக்கிகளைப் பெருகவிடும் சட்டங்களுக்கு இந்தப் பணி மாற்றாகிவிடாது. கொலைக் குற்றத்துக்குத் தண்டனை வேண்டாம் என்றும் அது சொல்லவில்லை. ஆனால், சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாத இளைஞர்கள் இன்றிரவும் தெருவில் நிற்கிறார்கள். அவர்களிடம் பேசக்கூடிய மனிதர்களுக்குக் கௌரவமான சம்பளம், காப்பீடு, மனநல உதவி, குறைந்தது பத்தாண்டுக்கு உறுதியான நிதி ஆகியவற்றைத் தருவது ஒரு நகரத்துக்குப் பெரிய காரியம் அல்ல. கொலைகள் கூடிய ஆண்டில் இவர்களைத் தேடுவதும் குறைந்த ஆண்டில் மறப்பதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பது ஓக்லாண்டில் ஒருமுறை தெரிந்துவிட்டது. அதை இன்னொரு நகரமும் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.