ஆண்டிறுதி வகுப்பறையும் இரண்டாம் மொழியும்

கல்வியாண்டு ஒன்று நிறைவுபெறும் வேளையில் ஆரம்பப் பிரிவு வகுப்பறைகள் பரபரப்படைவது வழமை. தேர்ச்சி அறிக்கைகள் நிரப்பப்படுகின்றன. கலை விழாவுக்கான ஒத்திகைகள் நடைபெறுகின்றன. பரிசளிப்புக்கான பெயர்ப்பட்டியல் தயாராகின்றது. ஆயினும், தாய்மொழியல்லாத மற்றொரு மொழியில் பிள்ளை அவ்வாண்டில் என்ன பேசக் கற்றது, அதில் எவ்வளவு விடுமுறைக்குப் பின்னரும் நிலைத்து நிற்கும் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

ஹாலிஎல போன்ற பிரதேசத்தில் இவ்வினாவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பேராதனை - பதுளை - செங்கலடி வீதியில், பதுளை நகருக்கு அண்மையில் அமைந்துள்ள இப்பகுதியில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் வாழ்கின்றனர். தோட்டத்து லயத்தில் தமிழ், கடைவீதியில் சிங்களம், பாடசாலையில் ஆங்கிலப் பாடம் என்று பிள்ளைகள் பல மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். முஸ்லிம் பிள்ளைகள் இவற்றுடன் குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்துகளையும் கற்கின்றனர். சிறு வயதில் பல மொழிகளை ஏற்கும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அவ்வாற்றலைப் பாடசாலை எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதே கேள்வி.

இவ்விடத்தில் கனடாவின் அனுபவத்தை நோக்குவது பொருத்தமாகும். கியூபெக் மாகாணத்தில் மொன்றியல் நகருக்கு அருகேயுள்ள சென். லம்பேர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலரின் முயற்சியால் 1965ஆம் ஆண்டு ஒரு பாலர் வகுப்பு ஆரம்பிக்கப்பட்டது. அங்கு பிரெஞ்சு ஒரு பாடமாக அன்றி, வகுப்பின் மொழியாகவே அமைந்தது. பிள்ளைகள் பிரெஞ்சிலேயே விளையாடினர். பிரெஞ்சிலேயே எண்ணக் கற்றனர். ஆங்கில வாசிப்பு பின்னரே சேர்க்கப்பட்டது. இதுவே 'பிரெஞ்சு அமிழ்வுக் கல்வி' எனப் பெயர் பெற்றது. மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வொலஸ் லம்பேர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இப்பிள்ளைகளை ஆராய்ந்து 1972இல் நூலொன்றை வெளியிட்டனர். பிள்ளைகளின் ஆங்கிலம் பாதிக்கப்படும் என்ற அச்சம் நிறைவேறவில்லை. தொடக்கத்தில் ஆங்கில எழுத்தறிவில் சற்றுப் பின்தங்கியோர், ஆங்கிலம் கற்பிக்கப்பட்டதும் ஏனையோருக்கு நிகராகினர்.

எனினும் ஒரு குறையும் வெளிப்பட்டது. இத்தகைய வகுப்புகளில் பல ஆண்டுகள் பயின்றோர் பிரெஞ்சைக் கேட்டும் வாசித்தும் நன்கு விளங்கிக்கொண்டனர். ஆனால் பேசும்போதும் எழுதும்போதும் பிழைகள் நீடித்தன. கேட்பது மட்டும் போதாது, பிள்ளை தானே பேசவும் எழுதவும் வேண்டும் என்று மெரில் ஸ்வெயின் 1985இல் வலியுறுத்தியது இவ்வனுபவத்தின் அடிப்படையிலேயாகும்.

இதனால் இவ்வகை வகுப்புகளுக்கு ஆண்டிறுதி மிக முக்கியமான காலமாகும். தேர்வு முடிந்துவிட்டது என்ற தளர்வில், ஆசிரியருக்குப் பதிலளிக்க மட்டும் இரண்டாம் மொழியும் தமக்குள் பேசத் தாய்மொழியும் என்ற பழக்கம் பிள்ளைகளிடம் எளிதில் வேரூன்றிவிடும். இதனைத் தவிர்க்க வேண்டுமாயின், இறுதி வாரங்கள் பிள்ளைகள் பேசும் வாரங்களாக அமைதல் வேண்டும். ஆண்டு முழுவதும் செய்த வேலைகளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பெற்றோருக்கு விளக்குதல், அடுத்த ஆண்டு அவ்வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுதல், விடுமுறையில் வாசிக்க நூல்களைத் தெரிவுசெய்தல் ஆகியன அதற்கு உகந்த வேலைகளாகும். இவற்றுள் எதற்கும் பெரும் செலவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. அமிழ்தல் வேறு; மூழ்கடித்தல் வேறு. கனடாவின் அமிழ்வு வகுப்பில் பிள்ளைகள் அனைவரும் ஒரே நிலையிலிருந்து தொடங்கினர். அவர்களது தாய்மொழிக்கு வீட்டிலும் சமூகத்திலும் உயர்ந்த இடம் இருந்தது. பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதை ஆசிரியர் விளங்கிக்கொண்டார். மாறாக, தமிழ் மட்டும் அறிந்த தோட்டப் பிள்ளை ஒன்றைச் சிங்கள மொழிமூல வகுப்பிலோ ஆங்கில மொழிமூல வகுப்பிலோ தனியே அமர்த்தி, அதன் மொழி அறியாத ஆசிரியரிடம் ஒப்படைப்பது மூழ்கடித்தலாகும். சில பிள்ளைகள் அதிலும் நீந்திக் கரையேறலாம். பலர் விளங்காமலேயே மௌனமாக ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றனர். நல்ல எதிர்காலத்தை நாடித் தமிழ்மொழி மூலத்தைக் கைவிட நினைக்கும் தமிழ், முஸ்லிம் பெற்றோர் இவ்வேறுபாட்டைச் சிந்திக்க வேண்டும்.

நமது நாட்டின் ஏற்பாடு வேறு விதமானது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமையை வழங்குகின்றது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அரசாங்கப் பாடசாலைகளில் ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நடைபெறுகின்றது. முதலாம் தரத்திலிருந்து செயற்பாடுகள் வழியாகப் பேச்சு ஆங்கிலமும், மூன்றாம் தரத்திலிருந்து முறையான ஆங்கிலப் பாடமும் உண்டு. 2002இல் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்கும் வாய்ப்பு ஏற்படுத்தப்பட்டது. பின்னர் இருமொழிக் கல்வி என அழைக்கப்பட்ட இவ்வாய்ப்பு சில பாடசாலைகளிலேயே உள்ளது.

ஆகவே நமது பிள்ளைகளைப் பொறுத்தவரை ஐந்தாம் தரத்தின் ஆண்டிறுதியே வாயிற்படியாகும். தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் ஐந்தாம் தரத்துடன் வகுப்புகள் முடிவடைகின்றன. பிள்ளை நகரப் பாடசாலைக்குச் செல்லும்போது, அங்கு இருமொழி வகுப்பு இருந்தாலும், ஆங்கிலத்தில் வாய்திறந்து பேசிப் பழகாத பிள்ளை அதனை நாடத் துணிவதில்லை.

2025இல் புலமைப்பரிசில் பரீட்சை ஓகஸ்ட் 10ஆம் திகதி நடைபெற்றது. அதன் பின்னர் ஆண்டிறுதி வரை எஞ்சிய மாதங்கள் சிறிதல்ல. பரீட்சைச் சுமை நீங்கிய இக்காலத்தை வெறுமனே கழிய விடாது, நாளொன்றுக்கு ஒரு பாடவேளையையேனும் முற்றாக ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நடத்தினால், பயிற்சி வினாத்தாள்கள் தராத பேச்சுத் துணிவைப் பிள்ளைகள் பெறுவர். கடைக்குச் செல்லுதல், பேருந்தில் பயணித்தல், வைத்தியரிடம் நோயைக் கூறுதல் ஆகிய சூழல்களை வகுப்பறையிலேயே நடித்துப் பழகலாம்.

அடுத்து, பிள்ளையின் மொழிநிலை பற்றிய குறிப்பு புதிய பாடசாலைக்குச் செல்ல வேண்டும். புள்ளிகள் மட்டும் போதா. "தன்னைப் பற்றி ஐந்து வசனங்கள் பேசுவார், எளிய கதையை வாசித்து விளங்குவார்" என ஆசிரியர் எழுதும் இரு வரிகள் ஆறாம் தர ஆசிரியருக்கு வழிகாட்டும். இப்பணியை இறுதி வாரத்துக்கு ஒதுக்கி வைத்தலும் தகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் ஏற்பட்ட மண்சரிவுகள் பதுளை மாவட்டத்தில் பல உயிர்களைக் காவுகொண்டன, பாடசாலைகளும் மூடப்பட்டன. மலைநாட்டில் மழைக்காலத்துடன் இணைந்து வரும் ஆண்டிறுதியை நம்பியிருக்க இயலாது என்பதை அந்நாட்கள் உணர்த்தின. குறிப்புகள் தவணைதோறும் எழுதப்படுமாயின் இழப்பு குறையும்.

விடுமுறையில் மொழி மங்காதிருக்கப் பெற்றோரின் துணை அவசியம். தமக்கு ஆங்கிலம் தெரியாது என்று தோட்டத் தொழிலாளர்களான பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பிள்ளை வாசிப்பதை நாளுக்குப் பத்து நிமிடம் செவிமடுத்து, "இதன் பொருளைத் தமிழில் சொல்" என்று கேட்டாலே போதும். வாசித்ததைத் தன் மொழியில் எடுத்துரைக்க முடிந்தால் பிள்ளை அதனை விளங்கிக்கொண்டது என்பது புலனாகும். நோன்பு மாதத்தில் விடுமுறை பெறும் முஸ்லிம் பாடசாலைகளின் நாட்காட்டி வேறாயினும் தேவை ஒன்றேயாகும். விடுமுறைக்கு முன் வகுப்பு நூலகத்தின் நூல்களை அலுமாரியில் பூட்டி வைக்காது பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்ப அதிபர்கள் முன்வர வேண்டும். சில நூல்கள் கிழிந்து திரும்பக்கூடும். வாசிக்கப்படாது செல்லரிப்பதைவிட அது மேலானது.

தாய்மொழியை வலுவாகப் பற்றிக்கொண்டு பிறமொழிகளைக் கற்கும் பிள்ளை இரண்டையும் பெறுகின்றது. அவ்வாறு கற்றதை ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு, ஒரு பாடசாலையிலிருந்து மறு பாடசாலைக்குச் சிந்தாமல் கொண்டு சேர்ப்பது ஆசிரியர், அதிபர், பெற்றோர் ஆகிய மூவரின் கூட்டுப் பொறுப்பாகும். ஹாலிஎலயின் ஐந்தாம் தர வகுப்பறைகளில் இப்பொறுப்பு உணரப்படுமாயின், ஆறாம் தரத்தின் வாசலில் நமது பிள்ளைகள் தயங்கி நிற்கும் நிலை மாறும்.