புகை யார் கணக்கில்?

கார்பன் உமிழ்வில் சீனா முதலிடம், அமெரிக்கா இரண்டாமிடம், இந்தியா மூன்றாமிடம். ஆண்டுதோறும் வெளியாகும் இந்தப் பட்டியலில் எண்கள் சரிதான். அவற்றைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காட்டுவதுதான் தவறு. 2023-இல் இந்தியா வெளியிட்ட கரியமில வாயு சுமார் 300 கோடி டன், அமெரிக்கா வெளியிட்டது சுமார் 490 கோடி டன். முன்னதை 140 கோடிப் பேருக்கும் பின்னதை 34 கோடிப் பேருக்கும் பங்கிட்டால், இந்தியருக்குத் தலைக்கு 2 டன், அமெரிக்கருக்கு 14 டன் என்று வரும். உலகச் சராசரியோ 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 1991-லேயே டெல்லியின் சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதை உரக்கச் சொன்னார்கள். ஏழை விவசாயியின் நெல்வயலில் எழும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் கார்கள் கக்கும் புகையையும் ஒன்றாக எண்ணக்கூடாது, பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பரத்துக்கான உமிழ்வு வேறு என்பது அவர்கள் வாதம்.

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது. ஐ.நா. விதிப்படி, புகை எந்த நாட்டு எல்லைக்குள் எழுகிறதோ அந்த நாட்டின் கணக்கில்தான் சேரும். திருப்பூரில் தைத்த பனியனை ஜெர்மனியில் ஒருவர் அணிந்தாலும், நூற்பாலைக்கான மின்சாரமும் சாயப்பட்டறைக் கொதிகலனின் எரிபொருளும் இந்தியாவின் தலையில்தான். பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் எரிப்பது எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதே இல்லை. வாங்கிப் பயன்படுத்துபவர் பெயரில் எழுதினால் படம் மாறுகிறது. 1990-க்குப் பின் உமிழ்வைப் பாதியாகக் குறைத்த பிரிட்டனின் கணக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. சுவிட்சர்லாந்தின் கணக்கு இரு மடங்கையும் தாண்டுகிறது. சீனாவுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனாலும் தலைக்கு என்று பார்த்தால் அது உலகச் சராசரிக்கு மேலேயே நிற்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

தலைக்கணக்கு மக்கள்தொகைப் பெருக்கத்துக்குப் பரிசளிக்கிறது என்பார்கள். நாட்டுக்கணக்கு அதைவிட விசித்திரமானது: சீனாவைப் பத்து நாடுகளாகப் பிரித்துவிட்டால் ஒரு டன்கூடக் குறையாமலே பட்டியலின் முதலிடம் அமெரிக்காவுக்குப் போய்விடும். மின்நிலையத்தை மாற்றும் அதிகாரம் உற்பத்தி செய்யும் நாட்டிடம்தானே என்பது வாங்குபவர் பெயரில் எழுதுவதற்கு எதிரான வலுவான மறுப்பு. உண்மைதான், அதனால் எல்லைக்கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதனோடு நுகர்வுக் கணக்கையும் வைக்க வேண்டும். என்னை உறுத்துவது வேறொரு கேள்வி. இந்தியாவின் 2 டன் சராசரியில், ஏசி வீடும் இரண்டு காரும் உள்ளவர் மின்விசிறிகூட இல்லாதவரின் நிழலில் ஒளிந்துகொள்ளவில்லையா? ஒளிந்துகொள்கிறார். நாடுகளுக்கிடையே நாம் கேட்கும் நியாயத்தை நாட்டுக்குள் நம்மிடம் கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் அது அமெரிக்கரின் 14 டன்னுக்குச் சமாதானம் ஆகாது.

நுகர்வுக் கணக்கு துல்லியமில்லை, நடைமுறைக்கு ஒவ்வாது என்ற பேச்சையும் இனி ஏற்பதற்கில்லை. இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவற்றுக்குள் பொதிந்திருக்கும் கார்பனை அளந்து, 2026 முதல் அதற்குக் கட்டணம் விதிக்கிறது ஐரோப்பிய ஒன்றியம். வாங்கும் பொருளின் புகையை அளக்க முடியும் என்று அதுவே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியிருந்தும் அந்தப் புகை இன்றும் விற்ற நாட்டின் கணக்கில் கிடக்கிறது, கட்டணம் மட்டும் ஐரோப்பாவின் கருவூலத்துக்குத்தான்.